கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஃபில்டரை எங்கே பொருத்த வேண்டும்?

கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு பக்கத்துக்கும் ஏலத்தோட்ட வேலையாகத் தினமும் வண்டிகள் ஏறி இறங்கும் எங்கள் பகுதியில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார்களில் 2000ஆம் ஆண்டை ஒட்டியும், பைக், ஸ்கூட்டர்களில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததோடும் கார்புரேட்டரின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன்பு வாங்கிய பைக்கும் ஆட்டோவும் ஆம்னி வேனும் பெட்ரோல் ஜீப்பும் கை மாறிக் கை மாறி இப்போது இளைஞர்களிடம் வந்து சேர்கின்றன. அப்படி ஒரு வண்டியை முதன்முதலாக வாங்கி, அதில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றவோ புதிதாகப் பொருத்தவோ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபில்டர் சொற்ப விலையுள்ள பொருள்தான்; அதைத் தவறான இடத்தில் வைத்தால், அது இல்லாமலே ஓடியிருந்தால் வராத கோளாறுகள் எல்லாம் வரும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாத நண்பகலில், லோயர் கேம்ப்பைத் தாண்டி, பெரியாற்று நீரை மின் நிலையத்துக்கு இறக்கும் பெரிய இரும்புக் குழாய்களையும் கடந்து ஏறிக்கொண்டிருந்தபோது, என் பெட்ரோல் ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் திணறி நின்றது. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். இரண்டு வளைவு தாண்டினால் மறுபடியும் நிற்கும். அந்தக் கோடையில் மட்டும் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோல் பாயும் நுண்துளைகளான ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள், பிளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள். கடைசியில் குமுளியில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர், எதையும் கழற்றாமல், பெட்ரோல் டியூப் போகும் வழியை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். பம்புக்கு முன்னால், சைலன்சர் குழாய் தொடங்கும் மேனிஃபோல்டுக்கு மிக அருகில், தீப்பெட்டி அளவுள்ள ஒரு பைக் ஃபில்டரை ஏதோ ஒரு பட்டறையில் எப்போதோ செருகியிருந்தார்கள். என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு நொடிக்கு மேல் விரலை வைக்க முடியவில்லை. அப்போது அவர் கேட்ட ஒரு கேள்வியை இன்றுவரை நான் மறக்கவில்லை: “ஏன் தம்பி, உங்க திராட்சைத் தோட்டத்துல சொட்டுநீர் ஃபில்டரைக் கெணத்துக்குள்ளயா போட்டிருக்கீங்க?”

கம்பம் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி உடனே புரியும். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் நுனியில், ஏறிய நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட்வால்வும், இலை தழை உள்ளே போகாதபடி பெரிய ஓட்டையுள்ள ஒரு சல்லடையும் மட்டுமே இருக்கும். மண்ணையும் பாசியையும் நுணுக்கமாகப் பிடிக்கும் ஃபில்டர், மோட்டாரைத் தாண்டி, நீரை அழுத்தித் தள்ளும் டெலிவரிப் பக்கத்தில்தான் இருக்கும். காரணம் எளிது. தள்ளும் பக்கத்தில் மோட்டார் நல்ல அழுத்தம் கொடுக்கும். இழுக்கும் பக்கத்தில் அதற்கு உதவுவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான். அதனால்தான் மேலே இருக்கும் மோட்டார் நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்கத் திணறுகிறது. இழுக்கும் குழாயில் நுண்ணிய ஃபில்டரைப் போட்டு அடைத்தால், அது ஆழத்தை இன்னும் கூட்டியதற்குச் சமம். பெட்ரோல் பம்புக்கும் இதே கணக்குத்தான். பெட்ரோல் தண்ணீரைவிட மிக எளிதாக ஆவியாகும் என்பதால், இங்கே அதன் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும்.

பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் அன்று. அதில் கலந்திருக்கும் இலேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கனமான பகுதிகள் முழுவதும் ஆவியாக 200 டிகிரி வரை ஆகும். சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதோடு, பம்பு இழுக்கும்போது டியூப்பில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்குகிறது. மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும்: ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குமுளியில் அது கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சூடு, இழுவை, உயரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது டியூப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாக நிற்கிறது. பம்பு அந்த ஆவியையே இழுத்து இழுத்து விடுகிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போய்ச் சேர்வதில்லை. நம் மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். வண்டி ஆறியதும் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடுவதால் கோளாறும் மறைந்துவிடுகிறது. அதனால்தான் பட்டறைக்குக் கொண்டுபோனால் எதுவும் அகப்படுவதில்லை.

முதல் வேலை: பெட்ரோல் எப்படி வருகிறது என்று பாருங்கள்

ஃபில்டரை வாங்கும் முன்பே, உங்கள் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கி வருகிறதா, பம்பால் வருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்கிலும் பெரும்பாலான சிறிய ஜெனரேட்டர்களிலும் டேங்க் கார்புரேட்டருக்கு மேலே இருக்கும். பெட்ரோல் தன் எடையால் இறங்கும். காரிலும் ஜீப்பிலும் வேனிலும் டேங்க் பின்பக்கத்தில் தாழ்வாக இருக்கும். என்ஜினின் பக்கவாட்டிலோ ஹெட்டிலோ போல்ட் செய்யப்பட்ட ஒரு பம்பு, கேம் ஷாஃப்ட் தட்டும் ஒரு நெம்புகோலால் இயங்கி, உள்ளே இருக்கும் டயாஃபிரம் என்ற சவ்வு ஏறி இறங்குவதன் மூலம் பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளும். இந்தப் பம்பு தரும் அழுத்தம் பொதுவாக ஒரு சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 பவுண்டுதான். கார் டயரில் நாம் பிடிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பைக்கில் நிலைமை இன்னும் மென்மையானது. டேங்கின் அடிப்பகுதி கார்புரேட்டருக்கு 20 சென்டிமீட்டர் மேலே இருந்தால், கிடைக்கும் அழுத்தம் 0.2 பவுண்டு மட்டுமே. ஆகவே காருக்கான காகித ஃபில்டரைப் பைக்கில் போடுவதும், பைக்குக்கான சின்ன ஃபில்டரைக் காரில் போடுவதும் இரண்டுமே தவறு.

பம்பு உள்ள வண்டி

உங்கள் வண்டியில் தயாரிப்பாளர் வைத்த இடம் இன்னும் கலைக்கப்படாமல் இருந்தால், அந்த இடத்தை மாற்ற வேண்டாம் என்பதே என் முதல் அறிவுரை. சில வண்டிகளில் டேங்குக்கு அருகில், சேசிஸ் சட்டத்தில், பம்புக்கு முன்னாலேயே ஃபில்டரை வைத்திருப்பார்கள். மேலே சொன்ன கணக்குக்கு இது முரண்போலத் தோன்றும். அந்த ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் விளங்கும்: உள்ளே காகிதம் மடிப்பு மடிப்பாக மிகுந்த பரப்போடு இருப்பதால் இழுவைக்குத் தடை மிகவும் குறைவு; இடமும் என்ஜின் சூட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அதே இடத்தில் அதே அளவுள்ள ஃபில்டரையே மாற்றினால் எந்தத் தொல்லையும் வராது. கைக்குக் கிடைத்த சிறிய ஃபில்டரை அங்கே மாட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

பழைய இடம் கலைந்துபோயிருந்தாலோ, ஃபில்டரே இல்லாமல் டியூப் நேராகப் போய்க்கொண்டிருந்தாலோ, நுண்ணிய ஃபில்டருக்கு உரிய இடம் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான். கார்புரேட்டருக்குள் மிகவும் நொய்மையான பகுதிகள் இரண்டு. ஒன்று, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் என்ஜின் ஓடும் ஐடிலிங் ஓட்டத்துக்கான சிறிய ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். மற்றொன்று, ஃப்ளோட் என்ற மிதவை மேலெழும்போது பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வு. அந்த ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினால்கூட ஃப்ளோட் கிண்ணம் நிறைந்து வழியும். வழியும் பெட்ரோல் சூடான என்ஜின்மீது சொட்டலாம், அல்லது சிலிண்டர் வழியாக என்ஜின் ஆயிலில் கலக்கலாம், இரண்டுமே ஆபத்தானவை. பம்பைத் தாண்டி ஃபில்டர் இருந்தால், டேங்கிலிருந்து வரும் துருவோடு, பழைய டயாஃபிரத்திலிருந்து உதிரும் துணுக்கையும் அது தடுத்துவிடும்.

பம்புக்கு முன்னால் எதுவுமே வேண்டாமா என்றால், துரு மிகுந்த டேங்க் உள்ள வண்டிக்கு அங்கே ஒரு கண்ணகன்ற வலை ஃபில்டர் நல்லது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அந்த அளவோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ கண் உள்ள நைலான் வலை, புட்வால்வு சல்லடைபோலப் பெரிய துருச் செதில்களை மட்டும் நிறுத்தும். 10, 20 மைக்ரான் வேலையைக் காகித ஃபில்டர் தள்ளும் பக்கத்தில் பார்த்துக்கொள்ளட்டும். பழைய இயந்திரப் பம்பை எடுத்துவிட்டு மின்சாரப் பம்பு பொருத்தியிருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். அந்தப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் பலவீனமானவை, ஆகவே பம்பை டேங்குக்கு அருகில் தாழ்வாக வைக்க வேண்டும்.

பக்கம் தெரிந்த பிறகு இடத்தைத் தேடுங்கள். இந்த வேலையில் நான் மிகுந்த நேரம் செலவழிப்பது இங்கேதான். வண்டியை ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு, என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, டியூப் போகும் வழி நெடுக உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். அனல் முகத்தில் அடிப்பதுபோல இருக்கும் இடங்களை எல்லாம் விலக்குங்கள். சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே வைக்கவே கூடாது, ஏனென்றால் அங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் தீ. டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரி ஆகியவற்றுக்கு மேலேயும் கூடாது, அங்கே தீப்பொறி உண்டு. ரேடியேட்டரின் மேல் குழாயோடு உரசிக்கொண்டு போகும் டியூப்பும் சூட்டை உறிஞ்சும். மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி, என்ஜின்மேல் படாமல், பானெட்டுக்குள் பக்கவாட்டு உடல் தகட்டில் இடம் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். என்ஜினோடு சேர்த்துக் கட்டினால் அதன் அதிர்ச்சியும் சூடும் ஃபில்டருக்கு வரும். தகட்டில் கட்டினால் இரண்டும் குறையும். டியூப்பே தாங்கட்டும் என்று ஃபில்டரைத் தொங்கவிடாதீர்கள். ரப்பர் வைத்த ஒரு கிளாம்ப் போதும். எப்படிப் பார்த்தாலும் மேனிஃபோல்டைக் கடந்துதான் டியூப் போக வேண்டும் என்ற நிலை இருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகட்டை மறைப்பாக வைக்கலாம்.

ஃபில்டரை எப்படி நிறுத்துவது என்பதும் முக்கியம். மேலே வரைந்திருக்கும் அம்புக்குறி பெட்ரோல் போகும் திசையை, அதாவது கார்புரேட்டரைப் பார்த்து இருக்க வேண்டும். இடம் இருந்தால் படுக்கையாக வைக்காமல் செங்குத்தாக, பெட்ரோல் கீழே நுழைந்து மேலே வெளியேறும்படி வையுங்கள். அப்போதுதான் ஆவிக் குமிழிகள் மேலே ஏறிக் கார்புரேட்டர் வழியாகக் கழியும், தண்ணீரும் கசடும் அடியில் தங்கும். சில ஃபில்டர்களில் மூன்றாவதாகச் சற்றுச் சிறிய ஒரு மூக்கு இருக்கும். அது டேங்குக்குத் திரும்பும் டியூப்புக்கு உரியது. என்ஜின் சூட்டில் உருவாகும் ஆவியையும் மிகுதிப் பெட்ரோலையும் அது திருப்பி அனுப்பும். அந்த மூக்கு எப்போதும் மேல்பக்கமாக இருக்க வேண்டும். திரும்பும் டியூப் உள்ள வண்டியில் இரண்டு மூக்கு ஃபில்டரை மாட்டிவிட்டுத் திரும்பும் டியூப்பை ஆணி வைத்து அடைத்துவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மலை வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

பொருத்தும் முறை

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, திறந்தவெளியில் வேலையைத் தொடங்குங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; மூடிய அறையிலும் வண்டி பழுதுபார்க்கும் குழியிலும் அது தரையோடு தேங்கி நிற்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலோ, பொடி வகைத் தீயணைப்பானோ இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும். டேங்க் மூடியை ஒரு முறை திறந்து மூடினால் உள்ளே தேங்கிய அழுத்தம் வெளியேறிவிடும். டியூப்பை அவிழ்க்கும்போது பீறிட்டு அடிக்காது.

டியூப்பை அறுக்கும் முன், ஃபில்டரை அந்த இடத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு பக்கமும் டியூப் மடியாமல் போகிறதா என்று பாருங்கள். பிறகு கூர்மையான பிளேடால் நேராக அறுங்கள். கோணலாக அறுத்தால் கிளிப் சரியாகப் பிடிக்காது. முதலில் குறைவாகவே அறுங்கள், நீளம் மிஞ்சினால் மறுபடி அறுத்துக்கொள்ளலாம். ஃபில்டர் மூக்கின் புடைப்பை நன்றாகத் தாண்டி டியூப் ஏற வேண்டும். கிளிப் அந்தப் புடைப்புக்கு அப்பால், டியூப்பின் விளிம்புக்கு உள்ளே உட்கார வேண்டும். பிளாஸ்டிக் மூக்கில் ஸ்குரூ கிளிப்பை வெறியோடு முறுக்கினால் மூக்கு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும், அடுத்த நாள்தான் ஒழுகும்.

டியூப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கும் கண்ணாடிபோன்ற டியூப்பை அழகுக்காகப் போடுகிறார்கள். பெட்ரோல் பட்டால் அது சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துக் கிளிப்பிலிருந்து நழுவும். பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் டியூப்பை, மூக்கின் அளவுக்கு ஏற்ற உள்விட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 6 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும் சாதாரணமாகக் கிடைக்கும். இந்தியாவில் 2022 ஜூனிலேயே பெட்ரோலில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை எட்டிவிட்டது, இப்போது 20 சதவீதம் கலந்த பெட்ரோலே பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. பழைய ரப்பரை எத்தனால் உப்பவைத்து இளக்கிவிடும் என்பதால், அதைத் தாங்கும் டியூப் என்று உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. எத்தனால் டேங்குக்குள் பல ஆண்டுகளாகப் படிந்த பசையையும் கரைத்துக் கொண்டுவரும்; காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஆனி, ஆடியில் மழை விடாமல் பெய்யும் குமுளிப் பக்கம் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் துரு பிடிப்பதற்கும், தண்ணீர் அடியில் சேர்வதற்கும் இதுவே போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு பேட்டரியை இணைத்து, என்ஜினைச் சற்று நேரம் சுற்றவிட்டால் ஃபில்டரில் பெட்ரோல் ஏறுவது தெரியும். ஃபில்டர் முழுவதும் நிறையவில்லையே என்று புதியவர்கள் பயப்படுவார்கள். பாதி நிறைந்து மேலே காற்று நிற்பது இயல்பு, வண்டி ஓடும்போது பெட்ரோல் தடையில்லாமல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடட்டும். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காய்ந்த விரலை ஓட்டி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. பம்புக்குப் பின்னால் ஒழுகினால் பெட்ரோல் வெளியே வரும், மணமும் வரும். பம்புக்கு முன்னால் உள்ள டியூப்பில் விரிசல் இருந்தால், ஓடும்போது வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே இழுபடும். மணமே இல்லாமல் வண்டி இழுவை குறைந்து திணறும். அப்படி ஆனால் கார்புரேட்டரைக் கழற்றும் முன் டேங்க் பக்கத்து டியூப்பை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சமவெளியில் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி கசிவு பார்த்த பிறகே மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள்.

பம்பு இல்லாத வண்டி

பைக்கில் என் கருத்து சற்று வேறுபட்டது. டேங்குக்குள் ஏறி நிற்கும் பெட்ரோல் டேப்பின் தலையிலேயே ஒரு வலை இருக்கிறது. சில டேப்புகளின் அடியில் கசடு தங்கும் சிறு கப்பும் இருக்கும். அவை நல்ல நிலையில் இருந்தால், வெளியே தனி ஃபில்டர் பெரும்பாலும் தேவையில்லை. டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள சிறிய இடைவெளியில் ஃபில்டரைத் திணித்து, டியூப் மடிந்து, பெட்ரோல் வராமல் நின்ற பைக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் டேப்பைக் கழற்றி வலையைக் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

டேங்கில் துரு அதிகம், இடமும் இருக்கிறது என்றால் மட்டும், டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், வலை வகை ஃபில்டர் ஒன்றை வையுங்கள், காகிதம் வேண்டாம். இங்கே பெட்ரோல் மேலிருந்து கீழே வருவதால், ஃபில்டரும் மேலிருந்து கீழாகவே நிற்கட்டும். டியூப் டேப்பிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் அது மேடேறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று தங்கி வழியை அடைக்கும். 0.2 பவுண்டு அழுத்தத்துக்கு அந்தக் காற்றைத் தள்ளும் வலு இல்லை.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கார்புரேட்டர் முனையில் டியூப்பைக் கழற்றி, ஒரு அளவு குப்பிக்குள் விட்டு, டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். 150 சி.சி. வரை உள்ள பைக்குக்கு 150 மில்லிக்குக் குறையாமல் வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. முழு ஆக்ஸிலேட்டரில் மலை ஏறினாலும் அவ்வளவு செலவாகாது, மீதி இருப்பு. முதலில் வேகமாக வந்து பிறகு நூலாக இளைத்தால், ஃபில்டரைக் குறை சொல்லும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே ஓட்டம் கூடினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளைதான் அடைந்திருக்கிறது. என்ஜின் ஓடும்போது மட்டும் திறக்கும் வேக்குவம் டேப் உள்ள ஸ்கூட்டர்களில் இந்தச் சோதனையை இப்படிச் செய்ய முடியாது. ஜெனரேட்டருக்கும் மருந்தடிக்கும் இயந்திரத்துக்கும் இதே முறைதான்.

எப்போது மாற்றுவது

நல்ல டேங்க் உள்ள காருக்கு ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும். புதிதாக வாங்கிய பழைய வண்டியில் முதல் ஃபில்டரை ஒரு மாதத்திலேயே கழற்றிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பார்ப்பதும் எங்கள் பகுதிக்கு அவசியம்.

கழற்றிய ஃபில்டரை அப்படியே வீசிவிடாதீர்கள். பெட்ரோல் நுழையும் பக்கத்தைக் கீழே பிடித்து, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்துத் தட்டினால், உள்ளே தேங்கியது எல்லாம் வந்து விழும். தட்டைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். செங்கல் பொடிபோல வந்தால் டேங்க் துரு. அது கொஞ்சமாக இருந்தால் ஃபில்டரை மட்டும் அடிக்கடி மாற்றிச் சமாளிக்கலாம், செதில் செதிலாக வந்தால் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யாமல் தீராது. பெட்ரோலுக்கு அடியில் பாதரசம்போலத் தனியாக உருளும் முத்துகள் தண்ணீர். தேன் நிறத்தில் விரலில் ஒட்டும் பசை வந்தால் பழைய பெட்ரோல் டேங்கில் கிடந்து கெட்டிருக்கிறது. விரலால் நசுக்கினால் மை போல இழையும் கறுப்புத் துணுக்குகள் வந்தால் ரப்பர் டியூப் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் டியூப் முழுவதையும் மாற்றிய பிறகே புது ஃபில்டரைப் பொருத்த வேண்டும்.